2011 செப்டம்பரில் பாஸ்டன் சரிந்தது மட்டையாளர்களாலா?

கேள்வி இது: பேஸ்பால் சீசன் முடியும் தறுவாயில் தங்கள் அணி தடுமாறத் தொடங்கியதும், ரசிகர்கள் மட்டையாளர்களை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரிக்கிறார்கள். இவரை உட்கார வைக்க வேண்டும், அவர் தேவையான நேரத்தில் அடிப்பதில்லை, இன்னொருவருக்குக் கொடுத்த பணம் வீண் என்றெல்லாம் நடக்கும் இந்த விவாதங்களில் உண்மை எவ்வளவு? ஒரு மட்டையாளரை எந்த எண்ணைக் கொண்டு மதிப்பிடுவது? 2011-ஆம் ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் செப்டம்பர் மாதத்தை உதாரணமாகக் காட்டி, அந்தச் சரிவுக்கு மட்டையாளர்கள்தாம் காரணமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த அணியைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்பவன் என்ற முறையில், அந்த ஒரு மாதத்தை வைத்தே முழுக் கேள்விக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு பாஸ்டன் முதல் 12 ஆட்டங்களில் 10 தோல்விகளுடன் தொடங்கியது. பிறகு எழுந்து, ஆகஸ்ட் முடிவில் 83 வெற்றி, 52 தோல்வி என்ற நிலைக்கு வந்தது. செப்டம்பர் 3 அன்று, பிளேஆஃப் சுற்றுக்கான வைல்ட் கார்ட் இடத்துக்குப் போட்டியிட்ட டாம்பா பே ரேஸ் அணியைவிட 9 ஆட்டங்கள் முன்னால் இருந்தது. அந்த அளவு முன்னிலையைச் செப்டம்பரில் அதுவரை எந்த அணியும் பறிகொடுத்ததில்லை. ஆனால் அந்த மாதத்தில் பாஸ்டன் விளையாடிய 27 ஆட்டங்களில் 7 மட்டுமே வெற்றி. மாதம் முழுவதும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களைக்கூட அந்த அணியால் வெல்ல முடியவில்லை. இறுதியில் டாம்பா பே 91 வெற்றிகளுடனும் பாஸ்டன் 90 வெற்றிகளுடனும் முடித்தன. ஒரே ஒரு வெற்றி வித்தியாசம் என்பதால், 162 ஆட்டங்களில் எந்த ஒரு தோல்வியை எடுத்து நீட்டினாலும் “இது மட்டும் மாறியிருந்தால்” என்று வாதிட முடிந்தது. விவாதம் அத்தனை கசப்பாக நடந்ததற்கு அதுவே காரணம்.

விசாரணைக் கூண்டில் முதலில் ஏற்றப்பட்டவர் கார்ல் கிராஃபோர்ட். டாம்பா பே அணியில் 2010-இல் 0.307 சராசரி, 19 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எல்லா பேஸ்களையும் சுற்றிவருவது), 47 திருட்டு பேஸ்கள் (பந்து அடிக்கப்படாதபோதே ஓடி அடுத்த பேஸை, அதாவது அடுத்த நிறுத்தத்தைப் பிடிப்பது) என்று கலக்கியவரை, 7 ஆண்டுகளுக்கு 142 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் பாஸ்டன் அழைத்து வந்தது. வந்தவர் ஏப்ரலில் 0.155 அடித்தார், சீசனை 0.255 சராசரி, 11 ஹோம் ரன், 18 திருட்டு பேஸ்களுடன் முடித்தார். ஆண்டுக்கு 20 மில்லியன் டாலருக்கு மேல் வாங்கும் ஒருவரின் எண்கள் இவை என்றால் ரசிகர்கள் கொதித்ததில் வியப்பில்லை. அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிராஃபோர்ட் ஏமாற்றினார் என்பது ஒரு குற்றச்சாட்டு. செப்டம்பர் சரிவுக்கு அவர் காரணம் என்பது இன்னொன்று. முதலாவது உண்மை. இரண்டாவதற்குச் சான்று இல்லை. ஏப்ரலிலும் அவர் அடிக்கவில்லை, கோடையிலும் பெரிதாக அடிக்கவில்லை; அப்படிப்பட்ட கிராஃபோர்டை வைத்துக்கொண்டுதான் அந்த அணி ஆகஸ்ட் வரை 83 ஆட்டங்களை வென்றது. மாதக்கணக்கில் மாறாமல் இருந்த ஒன்று, செப்டம்பரில் திடீரென்று ஏற்பட்ட மாற்றத்துக்குக் காரணமாக முடியாது.

இங்கே கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்காகச் சராசரி பற்றி ஒரு விளக்கம். கிரிக்கெட்டில் சராசரி என்பது எத்தனை முறை ஆட்டமிழந்தார் என்பதால் ரன்களை வகுப்பது. பேஸ்பாலில் அது, கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் முறைகளில் எத்தனை முறை ஹிட் (பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸை அடைவது) அடித்தார் என்ற விகிதம். பத்து முறையில் மூன்று முறை அடித்தால் 0.300, அவர் சிறந்த மட்டையாளர். அதாவது சிறந்தவரும் பத்தில் ஏழு முறை தோற்றே திரும்புகிறார். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் செப்டம்பர் விவாதங்களில் பாதி அடங்கிவிடும். 0.300 அடிப்பவருக்கும் 0.270 அடிப்பவருக்கும் இடையே, 500 முறை மட்டை பிடித்த முழுச் சீசனில், 15 ஹிட்தான் வித்தியாசம். ஆறு மாதத்துக்கு 15 என்றால் மாதத்துக்கு இரண்டோ மூன்றோ. அந்த இரண்டு மூன்று ஹிட், ஷார்ட்ஸ்டாப் என்னும் தடுப்பாட்டக்காரரின் கையுறைக்கு ஒரு சாண் தள்ளிப் போனதா, கையுறைக்குள்ளேயே போனதா என்பதைப் பொறுத்தது.

இதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். உண்மையான திறமை 0.280 என்று இருக்கும் ஒருவர் மாதத்தில் ஏறக்குறைய 100 முறை மட்டை பிடிக்கிறார். அவர் திறமையில் கடுகளவும் மாற்றமில்லாமல், நாணயம் சுண்டுவது போன்ற தற்செயலால் மட்டும், அவரது மாதச் சராசரி பெரும்பாலும் 0.235-க்கும் 0.325-க்கும் இடையே ஆடும். ஆறு மாதங்களில் ஒரு மாதமாவது 0.235-க்குக் கீழே போவது இயல்பு. ஒன்பது பேர் கொண்ட வரிசையில், எந்த மாதத்தை எடுத்தாலும், ஒருவரோ இருவரோ இப்படித் தற்செயலாகவே தரையில் கிடப்பார்கள். ஜூனில் அப்படிக் கிடப்பவரை யாரும் கவனிப்பதில்லை. செப்டம்பரில் கிடப்பவருக்கு “நெருக்கடியில் கை நடுங்குகிறவர்” என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது. நான் இந்த விவாதங்களில் முதலில் கேட்கும் கேள்வி இதனால்தான் எப்போதும் ஒன்றே: நீங்கள் சொல்வது எத்தனை முறை மட்டை பிடித்ததை வைத்து? விடை 40 என்றோ 50 என்றோ வந்தால், அதற்கு மேல் அந்தச் சராசரியைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

பாஸ்டன் ரசிகர்களுக்கு இதை வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டேவிட் ஓர்டிஸ் இருந்தார். 2009-இல் மே 20 வரை அவர் ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. 2010 ஏப்ரலில் 0.143. அவர் முடிந்துவிட்டார், அவரது இடத்தில் வேறொருவரை ஆட வைக்க வேண்டும் என்று அப்போது உறுதியாகச் சொன்னவர்கள் ஏராளம். அதே 2010-ஐ அவர் 32 ஹோம் ரன், 102 ஆர்பிஐயுடன் (அவர் மட்டையால் அணிக்கு வந்த ரன்களின் எண்ணிக்கை) முடித்தார், 2011-இல் 0.309, 29 ஹோம் ரன். 2013 உலகத் தொடரில் 0.688 அடித்து அதன் சிறந்த வீரரானார். 2016-இல், தமது 40-ஆவது வயதில், 38 ஹோம் ரன் அடித்துவிட்டு ஓய்வு பெற்றார். 2010 மே மாதம் அவரைக் கைவிட்டிருந்தால் பாஸ்டன் எதை இழந்திருக்கும் என்பதை இன்று நினைத்தாலும் எனக்குப் பதறுகிறது.

அடுத்து, எந்த எண்ணைப் பார்ப்பது என்பது. சராசரி, “வாக்” (walk) எனப்படுவதை எண்ணுவதே இல்லை. பந்துவீச்சாளர் நான்கு மோசமான பந்துகளைப் போட்டால், மட்டையாளர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகிறார். அப்படிப் பொறுமையாக நின்று போவதும் ஒரு திறமை, அணிக்கு ஒரு அவுட்டை மிச்சப்படுத்தும் திறமை. ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் இருப்பது 27 அவுட்கள், அதுதான் கையிருப்பு. ஆகவே ஒருவர் எத்தனை விழுக்காடு முறை அவுட் ஆகாமல் பேஸை அடைகிறார் என்ற விகிதம் சராசரியைவிடப் பல மடங்கு முக்கியமானது. கெவின் யூக்கிலிஸ் 2011-இல் 0.258 அடித்தார், கிராஃபோர்ட் 0.255. சராசரியில் இருவரும் ஒன்று. ஆனால் பேஸை அடைந்த விகிதத்தில் யூக்கிலிஸ் 0.373, கிராஃபோர்ட் 0.289. ஒருவர் நூறு முறை போனால் 37 முறை பேஸில் நிற்கிறார், மற்றவர் 29 முறை. இந்த இருவரையும் “இருவரும் 0.250 சொச்சம்தான்” என்று ஒரே தராசில் வைத்துப் பேசியவர்களின் வாதத்தை நான் அப்போதும் ஏற்கவில்லை.

ஆர்பிஐயைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. அட்ரியன் கொன்சாலெஸ் அந்த ஆண்டு 117 ஆர்பிஐ எடுத்தார், 0.338 அடித்த அருமையான மட்டையாளர், ஐயமில்லை. ஆனால் அவருக்கு முன்னால் ஜாகோபி எல்ஸ்பரியும் டஸ்டின் பெட்ரோயாவும் ஓயாமல் பேஸில் நின்றார்கள். ஆர்பிஐ ஒருவரது மட்டையைப் பற்றிச் சொல்வதைவிட அவருக்கு முன்னால் ஆடியவர்களைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

இனி நேரடியாக வழக்குக்கு வருகிறேன். அந்தச் சீசனில் பாஸ்டன் 875 ரன்கள் எடுத்தது. 30 அணிகளிலும் அதுவே மிக அதிகம். பேஸை அடைந்த விகிதத்திலும் அதுவே முதலிடம். எல்ஸ்பரி 0.321, 32 ஹோம் ரன், 39 திருட்டு பேஸ்களுடன் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பெற்றார். அவர்களை முந்திய டாம்பா பே எடுத்தது 707 ரன்கள் மட்டுமே. செப்டம்பரிலும் பாஸ்டன் ஆட்டத்துக்கு ஐந்து ரன்களுக்கு மேல் எடுத்தது. அதாவது மாத மொத்தத்தைப் பார்த்தால் மட்டைகள் ஓயவே இல்லை.

இங்கே எதிர்த் தரப்பு ஒரு நல்ல வாதத்தை வைத்தது. அந்த மொத்தம் ஏமாற்றுகிறது என்றார்கள் அவர்கள். செப்டம்பர் 13 அன்று டொராண்டோவை 18-6 என்று வென்றார்கள். பாஸ்டன் பந்துவீச்சாளர் டிம் வேக்ஃபீல்டுக்கு எட்டாவது முயற்சியில் கிட்டிய 200-ஆவது வெற்றி அது. செப்டம்பர் 19 அன்று பால்டிமோரை 18-9 என்று வென்றார்கள். இந்த இரண்டு ஆட்டங்களில் மட்டும் 36 ரன்கள். அவற்றை எடுத்துவிட்டால் மீதி 25 ஆட்டங்களின் சராசரி நான்கரையை ஒட்டி இறங்கிவிடுகிறது. தேவையில்லாத நாளில் கொட்டிவிட்டுத் தேவையான நாளில் வறண்டார்கள் என்பது அவர்கள் வாதம். மேலோட்டமாகத் தள்ளிவிடக்கூடியதன்று அது. நான் இதை நேர்மையாக எடைபோட்டுப் பார்த்தேன். எந்த அணியின் எந்த மாதத்திலும் மிகப் பெரிய இரண்டு ஆட்டங்களை நீக்கினால் சராசரி இறங்கத்தான் செய்யும் என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, அந்த ஆண்டு அமெரிக்கன் லீகின் சராசரி அணி ஆட்டத்துக்கு எடுத்ததே நான்கரை ரன்களை ஒட்டித்தான். நடுத்தரமான அணி ஒன்று அந்த அளவு ரன்களை வைத்துக்கொண்டு பாதி ஆட்டங்களை வெல்கிறது. பாஸ்டன் அந்த 25-இல் 5-ஐ வென்றது. மிச்சத்தை எங்கே தேடுவது?

பந்துவீச்சில் தேட வேண்டும். அந்த மாதம் பாஸ்டனின் தொடக்கப் பந்துவீச்சாளர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்கு 7.08 ரன்கள் விட்டுக்கொடுத்தார்கள். ஜான் லாக்கியின் முழுச் சீசன் கணக்கே 6.41. கிளே புக்கோல்ஸ் முதுகு வலியால் ஜூனிலிருந்து இல்லை. டைசுகே மாட்சுசாகா முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார். மூன்றாவது இன்னிங்ஸிலேயே நான்கு, ஐந்து ரன்கள் பின்தங்கிவிடும் அணியின் மட்டையாளர்கள் ஒவ்வொரு முறையும் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படித் துரத்தி ஒரு ரன்னில் தோற்றுப்போனால், கடைசியாக அவுட் ஆனவரின் முகத்தையே கேமரா காட்டுகிறது; முதல் இன்னிங்ஸில் நான்கு ரன் கொடுத்தவரை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். மட்டையாளர்கள் மேல் பழி விழுவதற்கு, நான் புரிந்துகொண்ட வரையில், இந்தக் கண் பழக்கமே முதல் காரணம்.

மட்டை வரிசையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்மையான குறை ஒன்று இருந்தது, அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எல்ஸ்பரி, கொன்சாலெஸ், ஓர்டிஸ், கிராஃபோர்ட், ஜோஷ் ரெடிக், ஜே. டி. டிரூ என்று பலரும் இடக்கை மட்டையாளர்கள். பெட்ரோயாவை விட்டால் வலக்கையில் எதிரணி அஞ்சும் மட்டையாளர் யூக்கிலிஸ் ஒருவர்தான். அவரோ கொன்சாலெஸ் வரவால் முதல் பேஸிலிருந்து மூன்றாம் பேஸுக்கு மாற்றப்பட்டு, இடுப்புக் காயங்களோடு விளையாடி, செப்டம்பர் நடுவில் அறவே ஆட முடியாமல் போனார். அவர் விலகியதும் எதிரணி மேலாளர்கள் கடைசி இன்னிங்ஸ்களில் இடக்கைப் பந்துவீச்சாளரைக் கொண்டுவருவது எளிதாயிற்று. அக்காலத்தில் செப்டம்பர் 1 முதல் அணிப் பட்டியலை 40 பேர் வரை விரிக்கலாம் என்ற விதி இருந்ததால், ஒரே ஒரு மட்டையாளருக்காக ஓர் இடக்கையரை இறக்கி, அவரை உடனே மாற்றிவிடும் வசதியும் எல்லா அணிகளுக்கும் இருந்தது. ஒருவரது மாதச் சராசரியைப் பார்த்து இவரை உட்கார வை, அவரை உட்கார வை என்று சண்டையிட்ட நேரத்தில் இந்த ஓட்டையைப் பற்றிப் பேசியிருந்தால் விவாதத்துக்குப் பயன் இருந்திருக்கும்.

ஆகவே செப்டம்பரில் ஒரு மட்டையாளரிடம் எதைப் பார்ப்பது என்று என்னைக் கேட்டால், முதலில் உடலைப் பாருங்கள் என்பேன். வழக்கமாக அடித்து விளாசும் வேகப்பந்துக்கு மட்டை தாமதமாக வருகிறதா? ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து, பந்தை அடிக்காமலே அவுட் ஆவது) விகிதம் ஏறியிருக்கிறதா? ஹிட் சராசரி முழுச் சீசனிலும் நிலைகொள்ளாமல் ஆடக்கூடியது. ஸ்ட்ரைக் அவுட் விகிதமோ சில வாரங்களிலேயே ஓரளவு நிலைக்கும், ஏனென்றால் அதில் தடுப்பாட்டக்காரர்களின் பங்கு இல்லை, பந்து எங்கே விழுந்தது என்ற அதிர்ஷ்டமும் இல்லை. கடுமையாக அடித்த பந்துகள் நேராகக் கையுறைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன என்றால் அவரைத் தொடாதீர்கள். மெல்லிய தரைப்பந்துகளாகவே வருகின்றன, வெளியே போகும் பந்துகளைத் துரத்துகிறார் என்றால், அங்கே கவலைப்படக் காரணம் இருக்கிறது. கிராஃபோர்டுக்கு 2012 ஜனவரியில் இடது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கையிலும் நடந்தது. ஓர்டிஸிடம் காட்டிய பொறுமை கிராஃபோர்டிடம் பலிக்கவில்லை, அவர் பாஸ்டனில் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொறுமை எல்லோரிடமும் பலன் தரும் என்று நான் வாதிடவில்லை. ஒரு மாதச் சராசரி இந்த இருவரையும் பிரித்துக் காட்டாது, உடல்தான் காட்டும் என்பதே என் வாதம்.

தேவையான நேரத்தில் அடிப்பவர், அடிக்காதவர் என்ற பேச்சுக்கு, சீசனின் கடைசி நாளான செப்டம்பர் 28-இன் இரவைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை. பால்டிமோரில் பாஸ்டன் 3-2 என்று முன்னிலையில் இருந்தது. அந்த முன்னிலையைத் தந்தது பெட்ரோயாவின் ஹோம் ரன். ஏழாவது இன்னிங்ஸில் மழையால் ஆட்டம் ஒன்றரை மணி நேரம் அளவுக்கு நின்றது. எட்டாவது இன்னிங்ஸில் மார்கோ ஸ்கூட்டாரோ முதல் பேஸில் நிற்க, எல்லோரும் தூற்றிய அதே கிராஃபோர்ட் இடது களத்துக்கு அடித்தார், டபுள் (இரண்டாம் பேஸ் வரை சேர்க்கும் ஹிட்). பந்து பிடிக்கப்பட்டுவிட்டதோ என்று ஸ்கூட்டாரோ ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டு ஓடினார். ரன் கணக்காகும் இடமான ஹோம் பிளேட்டில் அவுட் ஆனார். அந்த ஒரு ரன் ஏறியிருந்தால் 4-2. ஒன்பதாவது இன்னிங்ஸில் பாஸ்டன் பந்துவீச்சாளர் ஜானதன் பேப்பல்பான் முதல் இருவரை ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டு, அடுத்த மூவருக்கும் ஹிட் கொடுத்தார். கடைசியாகப் பால்டிமோரின் ராபர்ட் ஆண்டினோ அடித்தது தாழ்வாக இடது களத்துக்குப் பறந்தது. கிராஃபோர்ட் ஓடிவந்து சறுக்கி எட்டினார், பந்து கையுறைக்குள் நிற்கவில்லை. 4-3. நாங்கள் நினைவில் வைத்துக்கொண்டது அந்தச் சறுக்கலை. எட்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்த அந்த டபுளை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அதே வேளையில் ஃபுளோரிடாவில் டாம்பா பே, எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது நியூயார்க் யாங்கீஸிடம் 7-0 என்று பின்தங்கியிருந்தது. எட்டாவதில் ஆறு ரன்கள் வந்தன. ஒன்பதாவதில் இரண்டு அவுட் ஆகிவிட்டது. ஒரே ஒரு ரன் தேவை. மேலாளர் ஜோ மேடன் மாற்று மட்டையாளராக அனுப்பியது டான் ஜான்சனை. அந்த நொடியில் அவரது சீசன் சராசரி 0.108. இரண்டு ஸ்ட்ரைக்கும் விழுந்த பிறகு அவர் வலது ஓரத்துக் கம்பத்தை ஒட்டி ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் எவான் லோங்கோரியா இன்னொன்றை அடித்து முடித்து வைத்தார். பால்டிமோரில் பாஸ்டன் தோற்றுச் சில நிமிடங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

0.108 அடிக்கும் ஒருவரை ஏன் அனுப்புகிறார்கள் என்று அன்று மாலை யாராவது கேட்டிருந்தால், நானும் அவரோடு சேர்ந்துதான் கேட்டிருப்பேன். மேடன் பார்த்தது வேறு: எதிரே நின்ற வலக்கைப் பந்துவீச்சாளரையும், அவருக்கு எதிராக நிற்கக்கூடிய பலமான இடக்கை மட்டையையும், ஒரே வீச்சில் ரன் வர வேண்டிய கட்டாயத்தையும். சில பத்து முறை மட்டை பிடித்ததில் வந்த சராசரியை அவர் அந்த இடத்தில் பொருட்படுத்தவில்லை.